நாலு பேர் கூடினால் எந்த ஆட்டம்?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். எதிர்வீட்டுத் தம்பதியும், ஊரிலிருந்து வந்திருக்கும் நாத்தனார் குடும்பமும் உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். காபி ஆயிற்று, பஜ்ஜியும் ஆயிற்று. யாருக்குச் சர்க்கரை எவ்வளவு, தங்கம் என்ன விலை, யார் வீட்டில் வரன் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் பேசித் தீர்ந்தது. அப்புறம்? ஆண்கள் டெலிவிஷன் பக்கம் திரும்புகிறார்கள். இளவட்டங்கள் செல்போனைக் குனிந்து பார்க்கிறார்கள். பெண்களோ, "தோசைக்குச் சட்னி அரைக்கணுமே" என்று ஒவ்வொருவராக அடுக்களைக்குள் நழுவுகிறார்கள். வீடு நிறைய மனிதர்கள். ஆனால் கூடியிருப்பவர்கள் யாருமில்லை!

இந்த மாதிரி நேரத்துக்கு நம் பாட்டிமார் ஒரு கைமருந்து வைத்திருந்தார்கள். தாயக்கட்டையை எடுத்து உருட்டுவார்கள். அல்லது பல்லாங்குழிப் பலகையை விரிப்பார்கள். அதைச் சுற்றி மருமகளும் மாமியாரும், பக்கத்து வீட்டுக்காரியும் உட்கார்ந்துவிடுவார்கள். இன்றைக்கு, "விளையாட்டா? அதெல்லாம் பசங்களுக்கு!" என்று ஒதுக்கிவிடுகிறோம். பசங்களுக்குப் பள்ளிக்கூடத்திலும் தெருவிலும் கூட்டாளிகள் இருக்கிறார்கள். வேலை, வீடு என்று ஓடும் பெரியவர்களுக்குத்தான் நாலு பேரோடு சேர்ந்து சிரிக்க ஒரு சாக்கு தேவைப்படுகிறது.

சரி, எந்த ஆட்டம்? கடையில் போய் நின்றால் வண்ண வண்ணப் பெட்டிகள் கண்ணைப் பறிக்கின்றன. பெட்டியைப் பார்த்து வாங்கி வந்த பல ஆட்டங்கள் பரணில் தூசி படிந்து கிடப்பதுதான் மிச்சம். வாங்குவதற்கு முன்பு, எடுத்து விரிப்பதற்கும் முன்பு, ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: "இந்த ஆட்டத்தை எடுத்தால், வந்தவர்களில் யார் ஒதுங்கி உட்காரும்படி ஆகும்?" அந்த ஒருவரை மனதில் வைத்துத் தேர்ந்தெடுத்தால், மற்றவர்களுக்கு அது தானாகவே பொருந்திவிடும்.

முதலில் ஆட்களை எண்ணுங்கள்

சதுரங்கம் அருமையான ஆட்டம்தான். ஆனால் ஆடுவது இரண்டு பேர். அவர்களும் வாய் திறக்கமாட்டார்கள். மற்ற ஆறு பேர் கொட்டாவி விட வேண்டியதுதான். ஆகவே எத்தனை பேர் ஆடலாம் என்பதை முதலில் பாருங்கள். பெட்டியின் மேலேயே போட்டிருப்பார்கள். இரண்டு முதல் நாலு என்றால், ஐந்தாவது ஆள் என்ன செய்வார் என்று யோசியுங்கள்.

அடுத்தது, காத்திருக்கும் நேரம். தன் முறை வருவதற்குப் பத்து நிமிஷம் ஆகும் என்றால் யாரானாலும் செல்போனை எடுக்கத்தான் செய்வார்கள். மூன்றாவது, விதிகளைச் சொல்லிக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் விளக்கினால், "நீங்க ஆடுங்கம்மா, நான் பார்க்கிறேன்" என்று முதலில் எழுந்திருப்பது வயதானவர்களாகத்தான் இருக்கும். நாலாவது, ஆடி முடிக்கும் நேரம். விருந்தாளிகள் வந்த மாலையில் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் உத்தமம். இரண்டு சின்ன ஆட்டம் ஆடலாம். ஒன்றில் தோற்றவர் இன்னொன்றில் ஜெயிக்கலாம்.

ஐந்தாவது விஷயத்தை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை: கண்ணும் முழங்காலும். எழுத்து பொடியாக இருந்தால் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்குச் சிரமம். தரையில் சம்மணம் போட்டால்தான் ஆடலாம் என்றால், மூட்டுவலிக்காரர்கள் தள்ளி நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார்கள். பலகையை மேஜை மேல் ஏற்றிவிட்டால் பிரச்னை தீர்ந்தது. சில ஆண்களுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. அதை வெளியில் சொல்லக் கூச்சப்படுவார்கள். லூடோவில் இந்த இரண்டு நிறமும் உண்டு. பச்சைக் காய்களின் தலையில் ஒரு பொட்டை ஒட்டிவிட்டால் யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

வீட்டில் இருப்பதே போதும்!

புதிதாக ஒன்றும் வாங்காமல் தொடங்க வேண்டுமென்றால் தாயத்துக்கு நிகர் இல்லை. சாக்பீஸால் கட்டம் வரையலாம். காய்களுக்கு உடைந்த வளையல் துண்டு, புளியங்கொட்டை, கூழாங்கல், மொச்சை என்று ஆளுக்கு ஒரு தினுசு. ஓரளவு அதிர்ஷ்டம், ஓரளவு சாமர்த்தியம். எந்தக் காயை நகர்த்துவது, யாரை வெட்டுவது, எப்போது மலையில் போய் உட்காருவது என்று யோசிக்கவும் வேண்டும். விரல் நுனியில் அதிர்ஷ்டமும் வேண்டும். அதனால்தான் பத்து வருஷமாக ஆடுகிறவரை இன்றைக்குத்தான் கற்றுக்கொண்டவர் தோற்கடிக்க முடிகிறது. வயதும் படிப்பும் வெவ்வேறாக இருக்கும் கூட்டத்துக்கு இந்தக் கலவைதான் சரி.

ஆனால் தாயத்தில் ஒரு குறை உண்டு. தாயம் விழுந்தால்தான் காயை இறக்க முடியும். கணக்குப் போட்டுப் பாருங்களேன்! ஒவ்வொரு கட்டையிலும் நாலு பக்கம்: வெற்று, ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு கட்டையையும் உருட்டினால் பதினாறு விதமாக விழலாம். அதில் தாயம் விழுவது இரண்டே விதம். அதாவது எட்டுக்கு ஒன்று. ஐந்து, ஆறு, பன்னிரண்டு விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்பதையும் சேர்த்தால், ஒரு முறைக்கு ஆறில் ஒரு பங்கு வாய்ப்புதான். லூடோவில் ஆறு விழக் காத்திருப்பதும் இதே கணக்குதான்! வாய்ப்பு சரியில்லாதவர் ஐந்தாறு சுற்று வரை ஒரு காய்கூட இறக்காமல் விழித்துக்கொண்டிருப்பார். அவருக்கு எப்படிக் குதூகலம் வரும்?

இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. "தாயம் விழுந்தாலும் சரி, ஐந்து விழுந்தாலும் சரி, காயை இறக்கலாம்" என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சராசரியாக மூன்றரை முறைக்கு ஒரு முறை காய் இறங்கிவிடும். ஆளுக்கு ஆறு காய் என்பதை நாலாகக் குறைத்தால் ஆட்டமும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். நாலு பேராக இருந்தால் எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஒரு கட்சி என்று வையுங்கள். அப்போது பழம் எடுத்தவர், இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் தன் கூட்டாளிக்கு யோசனை சொல்லிக்கொண்டு உட்காருவார், எழுந்து போகமாட்டார்.

"வீட்டுக்குள்ளே தாயம் உருட்டினா சண்டை வரும்" என்று சில வீடுகளில் சொல்வார்கள். பெரியவர்கள் அப்படி நினைத்தால் அவர்கள் மனசை நோகடிக்க வேண்டாம். திண்ணையோ மொட்டை மாடியோ இருக்கவே இருக்கிறது!

பல்லாங்குழி இரண்டு பேர் ஆட்டம். ஏழேழாக இரண்டு வரிசை, பதினாலு குழி. பசு எடுப்பதும், எதிராளியின் குழியைத் துடைத்துக் காயை அள்ளுவதும் பார்க்கிறவர்களுக்கும் சுவாரசியமாக இருக்கும். அதிகம் பேசாத இரண்டு பேரை எதிரெதிரே உட்கார வைக்க இதைவிட நல்ல உபாயம் இல்லை. புது மருமகளும் மாமியாரின் தாயாரும் ஆடட்டும். கையில் காய் இருப்பதால் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டிய கூச்சம் இருக்காது. பேச்சு தானாக வரும். ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு விதி மாறும் ஆட்டம் இது. "உங்க ஊர்ல எப்படி ஆடுவீங்க பாட்டி?" என்று ஒரு கேள்வி போட்டால் போதும், அரை மணி நேரம் கதை கிடைக்கும்.

ஆடுபுலி ஆட்டத்தை இரண்டு பேர் ஆட்டம் என்று ஒதுக்காதீர்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலிப் பக்கம் ஒருவரை உட்கார வைத்துவிட்டு, ஆட்டுப் பக்கம் மீதிப் பேர் எல்லோரும் சேர்ந்துகொள்ளுங்கள். ஆடுகளின் பலமே ஒற்றுமையில்தான் இருக்கிறது. ஒரு ஆட்டைத் தனியாக விட்டால் புலி தாவி அடித்துவிடும். நெருக்கமாக நிறுத்தினால் புலிக்கு நகர இடமிருக்காது. "அங்கே வைக்காதே, இங்கே வை!" என்று ஆறு பேர் கூடி விவாதிக்கும்போது கூடமே கலகலக்கும். வீட்டில் ரொம்ப சாமர்த்தியசாலி என்று பேரெடுத்தவரைப் புலியாக்கிவிட்டால் இன்னும் விசேஷம்.

பரமபதத்தில் யோசனைக்கு வேலையே இல்லை, எல்லாம் பகடையின் செயல். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காக ஆடியது இதனால்தான். தூக்கக் கலக்கத்திலும் ஆடலாம். களைப்பாக இருக்கும் நாளில், ஆட்டம் ஒரு பக்கம் நடக்க, வாய் ஓயாமல் பேச வேண்டுமென்றால் இதை எடுங்கள். சாமர்த்தியம் காட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு இது சலித்துப்போகும்.

கேரம்: பழகினவர், பழகாதவர்

கேரம் போர்டு இல்லாத தெரு தமிழ்நாட்டில் குறைவு. சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-ல் தொடங்கப்பட்டதே சென்னையில்தான். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கம் வென்ற காசிமாவும் சென்னைப் பெண்தான். "கேரம் ஆம்பளைங்க ஆட்டம்" என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்!

வெள்ளை ஒன்பது, கறுப்பு ஒன்பது, சிவப்பு ஒன்று. எல்லோருக்கும் தெரிந்த கணக்குதான். தொல்லை எங்கே வருகிறது என்றால், கை பழகியவர் தொடர்ந்து ஐந்தாறு காயைப் போட்டுவிடுவார். பழகாதவருக்கு ஸ்டிரைக்கரே நேராகப் போகாது. ஆகவே ஜோடி சேர்க்கும்போது கெட்டிக்காரரையும் புதியவரையும் சேர்த்துப் போடுங்கள். கணவனும் மனைவியும் ஒரே கட்சி என்று வைக்காமல், மாற்றி வைத்துப் பாருங்கள். "ஏன் இப்படி அடிச்சே?" என்ற அதட்டல் குறையும். ஆறு பேர், எட்டுப் பேர் இருந்தால் ஒரு போர்டு முடிந்ததும் தோற்ற ஜோடி எழுந்து அடுத்த ஜோடிக்கு இடம் கொடுக்கட்டும்.

இரண்டு ஆரோக்கியக் குறிப்புகள். பலகையில் தூவுவதற்குப் பல வீடுகளில் போரிக் பவுடரைத்தான் பயன்படுத்துகிறார்கள். அது வயிற்றுக்குள் போகக் கூடாத பொருள். ஆட்டத்தின் நடுவே அதே கையால் முறுக்கை எடுத்துக் கடிக்காதீர்கள். கை கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் டப்பாவை எட்டாத உயரத்தில் வையுங்கள். இரண்டாவது, விரல் மூட்டு வீங்கி வலிக்கிறவர்களை ஸ்டிரைக்கர் அடிக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். அவர்களுக்குத் தாயக்கட்டை உருட்டுவது சுலபம்.

கடைக்குப் போவதானால்

'பிசினஸ்' என்று நம் கடைகளில் கிடைக்கும் ஆட்டத்தைச் சிறு வயதில் ஆடாதவர்கள் குறைவு. ஊர்களை வாங்குவது, வீடு கட்டுவது, வந்து நிற்கிறவரிடம் வாடகை வசூலிப்பது. இதன் மூலம் அமெரிக்காவின் 'மோனோபோலி'. அதற்கும் முன்னோடியான 'லேண்ட்லார்ட்ஸ் கேம்' என்ற ஆட்டத்தை உருவாக்கி 1904-ல் காப்புரிமை பெற்றவர் எலிசபெத் மேகி என்ற பெண்மணி என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. நிலம் சிலர் கையில் குவிந்தால் குடியிருப்பவர்கள் கதி என்ன ஆகும் என்று காட்டத்தான் அவர் அதை அமைத்தார். 1935-ல் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி மோனோபோலியை வெளியிட்டது. மேகியின் காப்புரிமையை அந்தக் கம்பெனி வாங்கியது வெறும் 500 டாலருக்கு!

அவர் காட்ட நினைத்தது ஆட்டத்தில் அப்படியே நடக்கிறது. ஒருவர் பணக்காரர் ஆக ஆக, மற்றவர்கள் ஒவ்வொருவராகத் திவாலாகி வெளியே போகிறார்கள். முதலில் போனவர் ஒன்றரை மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். அவர் எங்கே போவார்? அடுக்களைக்குத்தான்! பெரியவர்கள் கூடும் மாலைக்கு இது ஏற்றதல்ல. ஆசையாக இருந்தால், "ஒரு மணி நேரத்தில் நிறுத்துவோம், யார் கையில் சொத்து அதிகமோ அவருக்கு ஜெயம்" என்று பேசிக்கொண்டு ஆடுங்கள்.

வியாபாரம் பிடிக்கும், ஆனால் யாரும் வெளியே போகக் கூடாது என்றால் 'கட்டான்' இருக்கிறது. ஜெர்மனியில் பல் கட்டும் தொழில்நுட்பம் தெரிந்த கிளாஸ் டொய்பர் என்பவர் உருவாக்கி, 1995-ல் வெளிவந்தது. மரம், செங்கல், கோதுமை, ஆடு, தாது இவற்றைச் சேர்த்து சாலையும் வீடும் கட்ட வேண்டும். தன்னிடம் இல்லாததை மற்றவரிடம் கேட்டுப் பண்டமாற்று செய்ய வேண்டும். "ஒரு ஆடு தர்றேன், ரெண்டு செங்கல் கொடுங்க" என்று பேரம் பேசுவதுதான் உயிர்நாடி. காய்கறிக்காரரிடம் கொசுறு கறிவேப்பிலை வாங்கிப் பழகிய நமக்கா பேரம் சொல்லித் தர வேண்டும்! முதலில் பத்துப் புள்ளி எடுத்தவருக்கு ஜெயம். கடைசி நிமிஷம் வரை எல்லோரும் ஆட்டத்தில் இருப்பார்கள். மூன்று, நாலு பேருக்கு ஏற்றது. விதி சொல்லித்தர பதினைந்து நிமிஷமாவது ஆகும் என்பதால், வீட்டாருக்குள் ஒரு தடவை ஆடிப் பார்த்துவிட்டு விருந்தாளிகளோடு ஆடுவது நல்லது.

இன்னும் எளிதாக வேண்டுமா? 2000-ல் வந்த 'கார்க்கசோன்' பிரெஞ்சுக் கோட்டை நகரம் ஒன்றின் பெயரைக் கொண்டது. 72 சதுர அட்டைகள். ஒருவர் பின் ஒருவராக ஓர் அட்டையை எடுத்து, சாலையோடு சாலை, கோட்டைச் சுவரோடு சுவர் சேரும்படி வைக்க வேண்டும். படிக்க வேண்டிய எழுத்து எதுவும் அட்டையில் இல்லை. கோலம் போடுகிற கைக்குச் சட்டென்று பிடிபட்டுவிடும். இரண்டிலிருந்து ஐந்து பேர் ஆடலாம்; முக்கால் மணி நேரத்தில் முடியும். 2004-ல் வந்த 'டிக்கெட் டு ரைடு' ரயில் பாதை போடும் ஆட்டம்; இதையும் ஐந்து பேர் வரை ஆடலாம். அதற்கு 2011-ல் இந்திய வரைபடமும் வெளியானது. ஆனால் அந்த வரைபடத்தை மட்டும் வாங்கினால் ஆட முடியாது, மூல ஆட்டமும் வேண்டும்.

எதை வாங்குவதென்று குழப்பமாக இருந்தால் ஒரு அடையாளம் சொல்கிறேன். 1979 முதல் ஜெர்மனியில் ஆண்டுதோறும் அந்த ஆண்டின் சிறந்த ஆட்டத்துக்கு ஒரு விருது தருகிறார்கள். சுலபமாகக் கற்கக் கூடியதா, குடும்பத்தோடு ஆடக் கூடியதா என்று பார்த்துக் கொடுக்கும் விருது. மேலே சொன்ன மூன்றும் அதை வாங்கியவை. விருது பெற்ற ஆட்டத்தின் பெட்டியில் பெரும்பாலும் ஒரு சிவப்புக் காயின் முத்திரை இருக்கும். இவை கொஞ்சம் விலை கூடுதல்தான். நாலு குடும்பம் சேர்ந்து ஆளுக்கு ஒன்றாக வாங்கி மாற்றிக்கொண்டால் சுமை தெரியாது.

இங்கிலீஷ் தெரியாதவர் முகம் சுண்ட வேண்டாம்

'ஸ்கிராபிள்' நல்ல ஆட்டம். நூறு எழுத்துக் கட்டைகளை வைத்து வார்த்தை கட்டுவது. ஆனால் கூடியிருப்பவர்களில் ஒருவர் தமிழில் படித்தவர், மற்றவர்கள் கான்வென்ட் படிப்பு என்றால் என்ன நடக்கும்? அவர் சிரித்துக்கொண்டே, "எனக்குத் தலைவலிக்குது, நீங்க ஆடுங்க" என்பார். தலைவலி இல்லை, "ஸ்பெல்லிங் தப்பு" என்று நாலு பேர் முன்னால் யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். வீட்டுக்கு வந்தவரை இந்த நிலைமையில் நிறுத்தலாமா?

வார்த்தை விளையாட்டு வேண்டுமானால் தமிழில் ஆடுங்கள். 2015-ல் செக் நாட்டுக்காரர் ஒருவர் உருவாக்கிய 'கோட்நேம்ஸ்' என்ற ஆட்டத்தை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தை வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு வார்த்தையைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள்: மாங்காய், கோலம், ரயில், உப்பு, மாப்பிள்ளை, யானை, வெயில், கொலுசு... ஐம்பது, அறுபது சீட்டு இருந்தால் பல நாளைக்கு ஆகும்.

ஆடும் முறை இதுதான். இருபத்தைந்து சீட்டுகளை ஐந்துக்கு ஐந்தாகப் பரப்புங்கள். கூட்டத்தை இரண்டு கட்சியாகப் பிரியுங்கள். கட்சிக்கு ஒரு தலைவர். இரு தலைவர்களும் மட்டும் பார்க்கும்படி ஒரு கட்டத்தாளில் எந்தச் சீட்டு யாருக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள்: முதலில் ஆடும் கட்சிக்கு ஒன்பது, மற்றக் கட்சிக்கு எட்டு, ஏழு யாருக்கும் இல்லை, ஒன்று கண்ணிவெடி. தலைவர் ஒரே ஒரு வார்த்தையும் ஒரு எண்ணும்தான் சொல்லலாம். மாங்காயும் உப்பும் தன் கட்சிச் சீட்டுகளானால், "ஊறுகாய், இரண்டு" என்பார். கட்சிக்காரர்கள் கூடிப் பேசி, எந்த இரண்டு என்று கண்டுபிடித்துத் தொட வேண்டும். பக்கத்திலேயே எதிர்க்கட்சியின் எலுமிச்சை இருந்தால் அவ்வளவுதான், அதைத் தொட்டுவிடுவார்கள்! தன் சீட்டுகளை எல்லாம் முதலில் கண்டுபிடித்த கட்சிக்கு ஜெயம். கண்ணிவெடியைத் தொட்ட கட்சிக்கு அங்கேயே தோல்வி.

நாலு பேரிலிருந்து பத்துப் பேர் வரை ஆடலாம். ஒரு ஆட்டம் கால் மணி நேரம். இதில் பட்டப்படிப்பு செல்லாது. சமையல், பழமொழி, சினிமா, ஊர் வழக்கம் தெரிந்தவர்தான் ராஜா. இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த பழைய சம்பவத்தை வைத்துத் தலைவர் ஒரு வார்த்தை சொல்ல, நாத்தனார் டக்கென்று சீட்டைத் தொட, மற்றவர்கள் திகைக்க, அந்தக் கதையைச் சொல்லச் சொல்லி எல்லோரும் வற்புறுத்த... இதைவிட என்ன வேண்டும்?

தோல்வி தாங்காதவர்கள்

ஒவ்வொரு குடும்பத்திலும் தோற்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறவர் ஒருவர் உண்டு. வயது அறுபதாக இருக்கலாம், பெரிய உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவராகவும் இருக்கலாம். அவரை விட்டுவிட்டு ஆட முடியுமா? எல்லோரும் ஒரே கட்சியாக நின்று ஆட்டத்தையே எதிர்க்கும் வகை ஒன்று இருக்கிறது. 2008-ல் வந்த 'பாண்டமிக்' அப்படிப்பட்டது. உலகில் நாலு நோய்கள் பரவுகின்றன. ஆடுகிறவர்கள் டாக்டராக, விஞ்ஞானியாக ஊர் ஊராகச் சென்று மருந்து கண்டுபிடிக்க வேண்டும். ஜெயித்தால் எல்லோரும், தோற்றால் எல்லோரும். நாலு பேர் வரை ஆடலாம். கொரோனா நாட்களின் வேதனை ஆறாத வீடுகளில் மட்டும் இதை எடுக்காமல் இருப்பது நாகரிகம்.

ஒரு எச்சரிக்கை. சேர்ந்து ஆடும்போது ஒருவரே, "நீ அங்கே போ, நீ இதைச் செய்" என்று எல்லோருக்கும் உத்தரவு போட ஆரம்பித்துவிடுவார். "அவரவர் முறையை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும், கேட்டால் மட்டும் யோசனை சொல்லலாம்" என்று முதலிலேயே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

காசு வைத்து ஆடுவது வேண்டவே வேண்டாம். பத்து ரூபாய்தானே என்று ஆரம்பிக்கும். தோற்றவர் மனசில் கணக்கு ஓட ஆரம்பித்தவுடன் சிரிப்பு நின்றுவிடும். வந்தவர்களில் யாருக்கு அன்றைக்குக் கையில் பணமில்லை என்பது நமக்குத் தெரியாது. கூப்பிட்டால் வராமல் போவதற்கு அதுவே காரணமாகிவிடும். ஜெயித்தவருக்கு ஒரு முழம் மல்லிகைப்பூவோ, தோற்றவர் ஒரு பாட்டுப் பாடுவதோ போதும். பகடையில் பணயம் வைத்தால் என்ன ஆகும் என்று நம் இதிகாசமே சொல்லியிருக்கிறதே!

மனசுக்கும் மூளைக்கும்

அமெரிக்காவில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் கவனித்து, 2003-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். படிப்பது, பலகை ஆட்டங்கள் ஆடுவது, வாத்தியம் வாசிப்பது, நடனமாடுவது ஆகிய வழக்கங்கள் உள்ளவர்களுக்கு முதுமையில் வரும் மறதி நோய் குறைவாகவே வந்திருந்தது. தாயம் ஆடினால் மறதி வராது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. மூளை தெளிவாக இருப்பவர்கள்தான் ஆடவும் ஆசைப்படுவார்கள் என்றும் இருக்கலாம். மாத்திரைக்கு இது மாற்றும் அல்ல. ஆனாலும், கணக்குப் போட்டு, நினைவில் வைத்து, நாலு பேரோடு பேசிச் சிரிப்பதால் கெடுதல் ஒன்றும் இல்லையே!

ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை எல்லோரும் எழுந்து கால் நீட்டி நடக்கட்டும். சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு ஆட்ட மும்முரத்தில் சாப்பாட்டு வேளை தவறக் கூடாது; ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்கு என்பதை முன்கூட்டியே தீர்மானித்து, அந்த நேரத்தில் ஆட்டத்தை நிறுத்துங்கள்.

அடுக்களையில் நிற்பது யார்?

எவ்வளவு நல்ல ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்தாலும், வீட்டுக்காரி அடுப்படியில் நின்றுகொண்டு, "யாரு ஜெயிச்சாங்க?" என்று எட்டிப் பார்ப்பதாக இருந்தால் என்ன பிரயோஜனம்? ஒதுங்கி உட்காருகிறவர் யார் என்ற கேள்விக்கு முக்கால்வாசி வீடுகளில் பதில் அவர்தான். ஆகவே ஆட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே பலகாரத்தையும் தேர்ந்தெடுங்கள். சூடாகப் போட்டுப் போட்டுக் கொடுக்க வேண்டிய பஜ்ஜி, தோசை அன்றைக்கு வேண்டாம். காலையிலேயே செய்து வைத்த தயிர்சாதம், வேர்க்கடலைச் சுண்டல், பொரி, பழத் துண்டுகள் போதும். கிண்ணமும் ஸ்பூனும் வைத்துவிட்டால் எண்ணெய்க் கை அட்டையில் படாது. காபியை ஃபிளாஸ்கில் ஊற்றி வைத்துவிடுங்கள். பாத்திரம் கழுவும் வேலை தோற்ற கட்சிக்கு என்று ஒரு விதி போட்டால் ஆண்களும் உஷாராக ஆடுவார்கள்!

செல்போன்களை ஒரு தட்டில் சேர்த்து அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். முதல் தடவை முணுமுணுப்பார்கள். சிறிய, தெரிந்த ஆட்டத்தில் தொடங்குங்கள். பெரிய பெட்டி இரண்டாவது மாலைக்கு இருக்கட்டும். யாராவது ஒருவர், "நான் பார்க்கிறேனே" என்றால் கட்டாயப்படுத்தாமல், புள்ளி எழுதும் நோட்டையும் பேனாவையும் அவர் கையில் கொடுங்கள். அவரும் ஆட்டத்தில் சேர்ந்தாயிற்று. பாதியில் அவரே, "இந்த ஒரு தடவை நான் உருட்டறேன்" என்று கையை நீட்டுவார். கட்டையைத் தயாராக வைத்திருங்கள்.

இந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள், சகோதரிகளே. பரணில் தேடினால் ஒரு தாயக்கட்டையாவது அகப்படாமலா போகும்?